இரண்டாவது செட்டர்

மன்சூர் அலி வாலிபால் லீக் ஏலத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறான் என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த பிறகுதான் இசக்கிராஜாவுக்குத் தெரிந்தது. அதுவும் கேன்டீனில் கையில் வடையோடு நின்ற ஒருவன், "உங்க செட்டர் பறக்கப் போறானாமே?" என்று கேட்டதால் தெரிந்தது.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக வாலிபால் ஆடுகிறவர்கள். செட்டர் என்பவன் பந்தை வலையோரம் ஏற்றிக் கொடுப்பவன். அடிப்பவன் வேறொருவன். கைதட்டல் அடிப்பவனுக்குப் போய்விடும்; ஆனால் யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்று முடிவு செய்வது செட்டர்தான். மன்சூர் ஏற்றுவான், இசக்கி அடிப்பான். திருவேங்கடத்திலிருந்து புளியங்குடி வரை கோயில் கொடை விழாவுக்கு நடக்கிற போட்டிகளில் இரண்டு பெயரையும் மைக்கில் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இசக்கி அப்படியொன்றும் உயரமில்லை. மற்றவர்கள் போடுகிற பந்துக்கு அவன் கை எட்டும், அடி விழாது. மன்சூர் மட்டும் பந்தைத் தாழ்வாக, வேகமாக, இடது ஓரத்துக்குத் தள்ளிவிடுவான். எதிரே நிற்பவன் தடுக்கக் கை தூக்குவதற்குள் இசக்கி அடித்துவிட்டுக் கீழே வந்திருப்பான்.

அன்று சாயங்காலம் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் மன்சூர் வலைக் கம்பத்தில் சாய்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?" என்றான் இசக்கி.

"உங்கிட்டதான் மாப்ள சொல்ல வரல." மன்சூர் தலையை நிமிர்த்தவில்லை. "கோயம்புத்தூர் மேட்ச்ல ஒருத்தர் வந்து பேசுனார்லா, அவரு போன் பண்ணுனாரு. லீக் ஏலத்துல பேரைக் குடு, எங்க டீமே எடுத்தாலும் எடுக்கும்ங்காரு. எடுத்தா ஒடனே கேம்புக்குப் போயிரணும். சீசன் முடியந்தட்டிக்கும் இங்கன வர முடியாது."

"அப்ப கடைசி செமஸ்டர்?"

"அட்டெண்டன்ஸ் வராது. பரீட்ச எழுத முடியாது."

ஜனவரியில் பல்கலைக்கழகப் போட்டி இருந்தது. அதை இருவருமே சொல்லவில்லை. அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் பார்க்க அந்தப் போட்டிக்குத் தேர்வாளர்கள் வருகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று இசக்கிக்கு ஒரு வாசல் இருந்தால் அது அதுதான். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அவன் அப்பா நல்லகண்ணு மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர். இரண்டு வருடமாக மழை அவரை நம்ப வைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்" என்றான் மன்சூர். "நீ என்ன சொல்லுத?"

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணுந் தோணல. அதாம்ல உங்கிட்ட கேக்கேன். நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நின்னுருதேன்."

இசக்கி பந்தை எடுத்துப் பைக்குள் போட்டான். பிறகு சொல்கிறேன் என்றான்.

மறுநாள் உடற்கல்வி இயக்குநர் குற்றாலநாதன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நீ சொன்னா கேப்பான். ஒரே ஒரு செமஸ்டர். முடிச்சிட்டுப் போனா யாரு வேண்டாங்கா? நான் சொன்னா டீமுக்காகச் சொல்லுதேம்பான்."

நான் சொன்னால் மட்டும் யாருக்காகச் சொல்வதாக இருக்கும் என்று இசக்கி நினைத்தான்.

கல்லூரி விட்டு வரும்போது மன்சூரின் வாப்பா தாஹா செருப்புக்கடைக்குள்ளிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். சின்ன வயதிலிருந்து இசக்கிக்கு அவர் மாமா.

"மருமவனே, டிகிரிய முடிச்சிட்டுப் போகச் சொல்லேன். நாளைக்கு முட்டி கிட்டி போச்சுன்னா கையில என்ன இருக்கு? எஞ்சொல்லு அவன் காதுல ஏறல. அடுத்த வருசம் கூப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம்ங்கான். அதுவும் சரியாத்தான் படுது. நீ சொன்னா நிப்பான்."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அவனுக்கு அழுகை அழுகையாக வந்தது. போகாதே என்று சொல்ல எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவனுக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய காரணம் இருந்தது. அதனாலேயே அந்த வார்த்தை நாக்கில் வந்து நின்றுகொண்டது. மன்சூர் நின்று, லீக்கும் போய், பிறகு ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டால்? போ என்று சொன்னால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. வீட்டில் அம்மா அன்னக்கிளி, "ஏம்யா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கெ?" என்று கேட்டாள். பசிக்கவில்லை என்றான்.

வியாழக்கிழமை பேருந்து நிலையத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். மேலநீலிதநல்லூர் பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"போயிருல" என்றான் இசக்கி. "போயிட்டு வா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். கூப்புடும்போதே போயிரணும்."

மன்சூர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீ வேண்டாம்பேன்னு நெனச்சேன்" என்றான். அதில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இசக்கிக்குப் பிடிபடவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இசக்கி ஏறிக்கொண்டான்.

ஏலத்தைத் தாஹாவின் கடையில் போனில் பார்த்தார்கள். செருப்புப் பெட்டி ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, இசக்கியும் தாஹாவும் மன்சூரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். மன்சூர் பெயரை வாசித்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். தாஹா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மன்சூர் மட்டும் அசையவில்லை. எல்லாம் முடிகிற நேரத்தில், எடுக்காமல் விட்டவர்களை மறுபடி வாசித்தபோது ஒரு அணி கை தூக்கியது. அணியின் இரண்டாவது செட்டர்.

இசக்கிதான் முதலில் கத்தினான். மன்சூரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். யாரோ சரவெடி வாங்கி வந்தார்கள். அவன் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் மன்சூரைக் கீழே இறக்கி விட்டபோது கை இரண்டும் சட்டென்று வெறுமையாகிப்போனது.

தாஹா அவனைப் பார்த்தார். "நீ அன்னைக்குச் சொல்லலியோ?" என்று மெதுவாகக் கேட்டார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

ஜனவரிப் போட்டியில் இரண்டாம் ஆண்டு சங்கரபாண்டி செட்டராக நின்றான். நல்ல பையன், ஒழுங்காகத்தான் ஏற்றினான். பந்து புத்தகத்தில் போட்டிருப்பதுபோல உயரமாக, நிதானமாக வந்தது. இசக்கியின் கால்கள் மன்சூருக்குப் பழகியவை. ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே குதித்துவிட்டு, பந்து வரும்போது இறங்கிக்கொண்டிருந்தான். காத்திருந்து குதித்தால் எதிரே நாலு கைகள் சுவராக நின்றன. "சாரிண்ணே, சாரிண்ணே" என்று சங்கரபாண்டி ஒவ்வொரு பந்துக்கும் சொன்னான். "உம்மேல தப்பில்லல" என்று இவனும் ஒவ்வொரு பந்துக்கும் சொன்னான். இரண்டாவது செட்டின் நடுவில் தேர்வாளர்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் களத்துக்கு நகர்ந்தார்கள். அதை இசக்கி பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி குதித்தான்.

குற்றாலநாதன் சார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

லீக் தொடங்கியதும் இசக்கி கல்லூரி விட்டதும் தாஹாவின் கடைக்கு வந்துவிடுவான். ஆட்டத்தைவிட, திரையின் ஓரத்தில் மன்சூரைத் தேடுவதுதான் இருவருக்கும் வேலை. கழுத்தில் துண்டோடு, ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருப்பான். "அந்தா நிக்கான்" என்பார் தாஹா. மன்சூர் போனில் பேசும்போது சாப்பாட்டைப் பற்றிச் சொல்வான், ஏசி அறையைப் பற்றிச் சொல்வான். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல மாட்டான்.

ஒரு நாள் முதல் செட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மன்சூர் துண்டை வீசிவிட்டு உள்ளே ஓடினான். தாஹா கடை வாசலில் நின்ற ஆளை, "செத்த பொறுங்க அண்ணாச்சி" என்று நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

முதல் பந்தை மன்சூர் நடுவில் பத்திரமாகக் கொடுத்தான். புள்ளி விழுந்தது. அடுத்த பந்து அவன் கைக்கு வந்த வேகத்தில் இடது ஓரத்துக்குத் தாழ்வாகப் பறந்தது. அங்கே நின்ற வெளிநாட்டுக்காரன் ஏறக்குறைய ஏழடி இருப்பான். அவன் இன்னும் குதிக்கவே ஆரம்பிக்கவில்லை. பந்து அவன் மணிக்கட்டில் பட்டு வெளியே விழுந்தது. மன்சூர் நெஞ்சில் கை வைத்துத் தன் தவறு என்று காட்டினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே ஓரம், அதே தாழ்வு. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போகிறது என்பது இசக்கிக்குத் தெரிந்தது. செருப்புக்கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவன் தொடை இறுகிற்று. பயிற்சியாளர் கை காட்டினார். மன்சூர் வெளியே வந்து துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"என்ன மருமவனே, பந்து சரியில்லியோ?"

"பந்து சரிதான் மாமா. ஆளு வரல."

"அப்ப தப்பு யாரு மேல?"

வாசலில் நின்ற ஆள் எட்டாம் நம்பர் கறுப்பில் இருக்கிறதா என்று கேட்டார். தாஹா எழுந்து போய்ப் பெட்டிகளைக் கலைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கலைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இசக்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது.

"மாப்ள, நேத்து மேட்ச் பாத்தியா?"

"இல்லல. ஊர்ல கரண்டு இல்ல. போன்லயும் சார்ஜ் இல்ல. எறங்குனியா?"



"ஆமா. ரெண்டு மூணு பால்."

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு" என்றான் மன்சூர். "நீ பாக்கலியே. வாப்பா பாத்தாவளா?"

"அவிய கடையில கூட்டம்னு சொன்னாவ."

"சரி சரி. உனக்குப் பரீட்ச எப்ப?"

"ஏப்ரல்ல."

"நல்லா எழுதுல. நீயாவது முடி."

பின்னால் யாரோ இந்தியில் அவனைக் கூப்பிடுவது கேட்டது. வாரேன் மாப்ள என்று மன்சூர் போனை வைத்தான். தாஹா மாமாவும் இதே பொய்யைச் சொல்ல வேண்டும். மன்சூர் அவரைக் கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இசக்கி அவசர அவசரமாக அவர் நம்பரைத் தேடினான். அடித்தபோது லைன் பிஸியாக இருந்தது.