எல்லாம் டீல போட்டாச்சா?

பதினஞ்சு வருஷமா கொடைக்கானல் பஜார்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஸைமா கடைன்னா தெரியாதவங்க கெடையாது. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். ஆனா வேலையில ஒருத்தர் குறை சொன்னதில்ல. அந்தத் திமிருதான் அன்னைக்கு என்னையக் கவுத்துருச்சு.

தமயந்தி வெள்ளனே வந்து நின்னா. மன்னவனூர்ல டீச்சர். வேலை பாத்துக்கிட்டே, மேல்மலை ஊர்ப் பேருகளப் பத்தி ஆறு வருஷமா பிஎச்.டி. பண்றா. சிபியுவை மடியில வச்சு ஜீப்புல கொண்டு வந்திருக்கா.

"அக்கா, தீசிஸைத் தொறந்தாலே நீல ஸ்க்ரீன் வந்து நின்னுருது. நாளைக்கு மத்தியானத்தோட கடைசி. ரெண்டு தடவ தவணை வாங்கிட்டேன், இனி தரமாட்டாங்க. ஆறு வருஷமும் போயிரும்க்கா."

அவ மிஷினுக்கு விண்டோஸ் எக்ஸ்பி போட்டவ நான். அப்புறம் ஏழு. எட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, அந்தக் கருமத்தை யாரு தொட்டா? பிறகு பத்து. பத்துக்கும் இப்ப அப்டேட் நின்னு போச்சு. பழுதை மட்டும் பாத்துக் குடுத்திருக்கலாம். "பதினொண்ணே போட்டுர்றேன்"னேன். அம்புட்டுப் பழைய மிஷின்ல அது லேசுல ஏறாது. ஏத்திக் காட்டணும்னு ஒரு வீம்பு.

விண்டோஸ் இருக்கறது சி டிரைவ். நம்ம சாமானைப் பத்திரமா வைக்கிறது டி டிரைவ். சி-யை அழிக்கிறதுக்கு முன்னாடி கஸ்டமர்ட்ட ஒரு வார்த்தை கேக்குறது எங்க வழக்கம். தமயந்தி பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வந்து எனக்குப் பின்னால நின்னா. நான் தலையைத் தூக்காமக் கேட்டேன்.

"எல்லாம் டீல போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

ஃபார்மேட் குடுத்தேன்.

பதினொண்ணு ஏறி முடிஞ்சதும் எனக்கு ஒரே பெருமை. தமயந்தி ஸ்க்ரீனை உத்துப் பாத்தா.

"டெஸ்க்டாப்ல இருந்த ஃபோல்டர் எங்கக்கா?"

"டெஸ்க்டாப்பும் சி-தானம்மா! டீல போட்டாச்சுன்னியே?"

"ஜீனியைக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்க்கா. பார்சல் டீயைப் பிரிச்சு ஜீனி போட்டுக்கிட்டு இருந்தேன்..."

யா அல்லா.

நாலு இயலை கைடுக்கு மெயில்ல அனுப்பியிருக்கா. அஞ்சாவது, முடிவைச் சொல்ற இயல், டெஸ்க்டாப்ல மட்டுந்தான். மூணு மாசமா எழுதுனது.

ஹார்ட் டிஸ்கைக் கழட்டி என் மிஷின்ல மாட்டி, அழிஞ்சதைத் தேடுற சாஃப்ட்வேரை ஓட விட்டேன். பத்து சதவீதம். பதினாலு. முப்பதுல கரண்ட் போச்சு, யுபிஎஸ் கீ கீன்னு கத்துச்சு. "தாங்கும்"னேன். தாங்குமான்னு எனக்கே தெரியாது. தமயந்தி வாயே தொறக்கல. திட்டியிருந்தாக்கூடத் தேவல. "பேசித் தொலையேன்"னு கத்திட்டேன். அவ கண்ணு கலங்கிருச்சு. என்னையச் செருப்பால அடிக்கணும்.

கரண்ட் வந்துச்சு. நூறும் வந்துச்சு. பேரில்லாம முன்னூறு ஃபைல். ஒண்ணொண்ணாத் தொறந்தோம், எழுத்துக்குப் பதிலா எல்லாம் கட்டம் கட்டமா கெடக்கு. ஒண்ணே ஒண்ணுல மட்டும் தமிழ் எழுத்து வந்துச்சு. அஞ்சாம் இயல் இல்ல. நன்றியுரை.

'எக்ஸ்பி முதல் பத்து வரை, ஒரு வரிகூடத் தொலைக்காமல், என் கணினியைக் காத்துத் தந்த ஸைமா அக்காவுக்கு நன்றி.'

"வெட்டிரு தமயந்தி. என் பேரே வேணாம்."

அவ கீபோர்டை இழுத்தா. 'ஒரு வரிகூடத் தொலைக்காமல்' அதை மட்டும் அழிச்சா. புதுசா ஒரு பக்கம் தொறந்து 'இயல் ஐந்து'ன்னு அடிச்சா. கீபோர்டை என் பக்கம் தள்ளுனா.

"நான் சொல்றேன், நீங்க அடிங்கக்கா. உங்க கை வெரசாப் போகும்."

"சொல்லு."

கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம் மெதுவா, "மன்னவனூர் என்னும் பெயர்..."னு ஆரம்பிச்சா. அந்த மூணு வார்த்தையை அடிச்சு, சேவ் குடுத்தேன்.