போர்கா பார்த்திருப்பாள்

முப்பத்தோரு வருஷமாக நான் பிள்ளை பெற்றவர்களின் வீடு வீடாகப் போகும் நர்ஸ். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் அடுத்த ஐந்து நாள் எங்களில் ஒருத்தி போயாக வேண்டும். செர்பியாவில் அதுதான் முறை. பிள்ளையின் தொப்புளைப் பார்ப்போம், எடை போடுவோம், பால் குடிக்கிறதா என்று கவனிப்போம். எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். உள்ளே நுழைந்ததும் என் முதல் வேலை மாமியாரை அறையை விட்டுக் கிளப்புவது.

"நீங்க போய் காப்பி போடுங்க" என்பேன். லேசில் போக மாட்டார்கள். "என் மருமகதானே, நான் பாக்காததா?" என்று கட்டில் விளிம்பில் சட்டமாக உட்காருவார்கள். "நீங்க பாத்த வரைக்கும் போதும், காப்பியில சக்கரை வேணாம் எனக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். ஊரில் பாதி மாமியார்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கதவைச் சாத்தியதும், "நாப்கினைக் காட்டும்மா" என்பேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன். கேட்டால் எல்லாப் பெண்ணும் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் சொல்லுவாள். நிறத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும், அடிவயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்ட வாடையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கருப்பைக்குள் சீழ் பிடித்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். அந்த வாடையை வைத்தே ஒன்பது பெண்களை நான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறேன். ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

என் மருமகள் துன்யா பிழைக்கவில்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள், என் வீட்டிலிருந்து போய் இறந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

துன்யா ராஸ்ப்பெரி பழங்களை உறைய வைக்கும் குளிர்கிடங்கில் வேலை பார்த்தாள். அவளுடைய அம்மா ஆஸ்திரியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை; பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும்போதுதான் லீவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தாள். ஆகவே வீட்டில் பெண் என்று இருந்தது நான் மட்டும். துன்யாவுக்கு என்னிடம் மரியாதையும் உண்டு, வாயும் உண்டு. நான் எதையாவது அதட்டிச் சொன்னால், "சரிங்க சிஸ்டர்" என்று சல்யூட் அடிப்பாள். என் மகன் வூகன் சிரித்துச் சிரித்து இருமுவான். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் இப்போது எப்படித்தான் இருக்கிறேனோ தெரியவில்லை.

வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சொந்த வீட்டுக்கு நாங்களே நர்ஸாகப் போகக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். எங்கள் வீடு போர்காவுக்கு விழுந்தது. போர்கா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், நான்தான் அவளுக்கு வேலை பழக்கினேன். வேலையில் கெட்டிக்காரி. அதனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் எந்த மாமியாரைப் போலவும் இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். ஊரெல்லாம் மாமியார்களைத் துரத்தியவள், தன் வீட்டில் மருமகளின் போர்வையைத் தூக்கிப் பார்ப்பாளா? குளியலறைப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோழி சூப் வைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், துணி துவைத்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளதெல்லாம் போர்காவின் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். அப்படி ஒதுங்கி நின்றதை நாகரிகம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை துன்யாவுக்கு உடம்பு சுட்டது. மார்பு இரண்டும் கல்லாக இருந்தன. "பால் கட்டிக்கிச்சுடி, இது எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லி, எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல முட்டைக்கோஸ் இலையைக் குளிர வைத்து, இலை நரம்பை நசுக்கி மார்பில் வைத்துக் கட்டினேன். பாதத்துக்கு ப்ளம் சாராயத்தில் நனைத்த துணி. ஒரு காய்ச்சல் மாத்திரை. சாயங்காலம் சூடு இறங்கியது. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று எனக்குள் ஒரு திமிர்.

உடம்புச் சூட்டில் கோஸ் இலை வாடினால் என்ன நாற்றம் நாறும் என்பது வைத்துக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும். அதோடு சாராய நெடி. புதன்கிழமைக்குள் அந்த அறை ஊறுகாய்ப் பீப்பாய்போல ஆகிவிட்டது. அன்று என் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரிகளும் பிள்ளை பார்க்க வந்தார்கள், கையில் சுட்ட ரொட்டியோடு. துன்யா அவசரமாக எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, கோஸ் நாத்தம் குடலைப் பிடுங்குது. எங்க சிஸ்டர் அம்மாவோட வைத்தியம்" என்று சிரித்தாள்.

"பொறுத்துக்க கண்ணு, நாங்களும் நாறிக்கிட்டுத்தான் பிள்ளை வளத்தோம்" என்றாள் என் தங்கை. எல்லோரும் சிரித்தோம். துன்யா முகம் சிவந்து போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அது காய்ச்சல் சிவப்பு என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கச் சிவப்பு என்பதும் தெரியவில்லை. என் மூக்கு முப்பத்தோரு வருஷம் பழகிய மூக்கு. அது அன்றைக்குக் கோஸை மட்டும் நம்பியது.

போர்கா தினமும் வந்தாள். எங்கள் வீட்டைக் கடைசி வீடாக வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு, நானும் வேலை முடித்து வந்த பிறகு வருவாள். நேராக அறைக்குள் போய்ப் பிள்ளையைப் பார்ப்பாள், துன்யாவோடு நாலு வார்த்தை பேசுவாள், பிறகு சமையலறைக்கு வந்துவிடுவாள். நான் முன்கூட்டியே மேஜையில் எல்லாம் பரப்பி வைத்திருப்பேன். மாவுத் தாளுக்கு நடுவே பாலாடைக்கட்டி அடுக்கிச் சுட்ட கிபானிட்சா, காப்பி, ஒரு சின்னக் கிளாஸ் சாராயம். வேறு வீட்டில் யாராவது எனக்கு அப்படிப் பரப்பியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். வேலைக்கு வந்தவளை விருந்தாளி ஆக்கியது நான்தான்.

வியாழக்கிழமை நடந்த பேச்சு எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"என்னடி, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்குற வீட்டுல எனக்கு என்னக்கா வேலை? நான் சும்மா கிபானிட்சா சாப்பிடத்தான் வர்றேன்" என்றாள் போர்கா, வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"வெக்கங்கெட்டவளே, இதுக்கு அரசாங்கம் உனக்குச் சம்பளம் வேற குடுக்குது" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் இன்னொரு துண்டு வெட்டி வைத்தேன். அவள் சொன்னது உண்மை. நான் அதை என்னைப் புகழ்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் பார்த்திருப்பேன் என்று அவள் நினைத்தாள். போர்கா பார்த்திருப்பாள் என்று நான் நினைத்தேன். என் மருமகளை யாருமே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தேன். வழக்கம்போல மாமியாரைத் துரத்திவிட்டு ஒரு பெண்ணின் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வூகன்.

"அம்மா, இவ உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. பல்லு கிட்டிக்குது. பிள்ளை யாரோடதுன்னு கேக்குறாம்மா."

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. துன்யாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. போர்வையைத் தூக்கினேன், ஐந்து நாளில் முதல் முறையாக. முகர்ந்து பார்க்கக் குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாப்கினில் இருந்தது ரத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ. அடிவயிற்றில் கை வைத்ததும் அலறினாள். அந்த வலியில் ஒரு நொடி அவளுக்கு நினைவு திரும்பியது.

"ஏண்டி, ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். சாகப் போகிறவளிடம் கத்தினேன், பாவி நான்.

"நீங்க எல்லாத்தையும் துவைச்சுப் போடுறீங்க... இதை வேற எப்படிம்மா காட்டுறது" என்றாள். "நான் சரியா கழுவிக்கலன்னு நினைப்பீங்கன்னு..."

அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகியிருக்கிறது, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். கருப்பையை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வெளியே வந்து கையை விரித்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து அவள் அம்மா பஸ் பிடித்து வந்தபோது பெண்ணைப் பெட்டியில்தான் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்க நர்ஸு, எம் பொண்ணுக்குக் கவலையில்லன்னு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அறைந்திருந்தால் தேவலை.

போர்கா கல்லறையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "நீ என்னத்தடி பாத்தே நாலு நாளா?" என்று கேட்டேன். "நீங்க இருந்தீங்களே அக்கா" என்று அழுதாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம். வூகன் அடுப்பருகே நின்று பால் பொடி கலக்கிக்கொண்டிருந்தான். பிள்ளை என் மடியில். அவன் அதுவரை என்னிடம் பாலைப் பற்றி, டயப்பரைப் பற்றித் தவிர எதுவும் பேசியிருக்கவில்லை.

"பெரிஷா வந்திருந்தான்" என்றான், திரும்பாமலே. பெரிஷா அவனோடு மின்கம்பம் ஏறுகிறவன், போன வருஷம் ஆண் பிள்ளை பெற்றவன். "அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆனப்ப, நீ அவனை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தியாம். குப்பைப் பையை நீதாண்டா கொண்டு போவ, மோந்து பாரு, நாத்தம் அடிச்சா வெக்கப்படாம எனக்கு போன் பண்ணுன்னு. அப்படியா?"

"ஆமாம்."

"எல்லாப் புருஷங்காரன்கிட்டயும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

பெற்ற மகனிடம் அவன் பெண்டாட்டியின் உதிரப்போக்கைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான். ஊரான் வீட்டுப் பையனிடம் வராத கூச்சம். அதைத்தான் சொன்னேன், வேறு சாக்கு என்னிடம் இல்லை.

அவன் பால் புட்டியை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லு."

"வேணாம்டா."

"சொல்லும்மா. பெரிஷாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "முதல் மூணு நாலு நாள் நல்ல சிவப்பா போகும். சின்னச் சின்னக் கட்டி வந்தா பயமில்ல, ப்ளம் பழம் அளவுக்கு வந்தா கூப்பிடு. ஒரு மணி நேரத்துல ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா கூப்பிடு. அப்புறம் நிறம் வெளுத்து பழுப்பா மாறும், பத்து நாளைக்கு மேல மஞ்சளா, வெள்ளையா கொஞ்சம் கொஞ்சமா போகும். ஆறு வாரம் வரைக்கும் இருக்கலாம். மாசாமாசம் வர்ற ரத்தத்தோட வாடைதான் இதுக்கும் இருக்கும், தப்பில்ல. ஆனா கெட்டுப்போன இறைச்சி மாதிரி அடிச்சா..."

வூகன் கையைத் தூக்கினான்.

"போதும்மா" என்றான். "அதுதான். செவ்வாய்க்கிழமை காலையில. பையைக் கட்டும்போதே அடிச்சுது. பிள்ளை பெத்தா எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு நினைச்சேன். அவ சங்கடப்படக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா தூக்கிட்டுப் போனேன்."

செவ்வாய்க்கிழமை. ஆம்புலன்ஸ் வந்தது வெள்ளிக்கிழமை. நான் ஏற்றிவிட்ட ஒன்பது பேரில் யாருக்கும் வாடை தெரிந்த பிறகு மூன்று முழு நாள் அவகாசம் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது. பிள்ளை பசியில் அழத் தொடங்கியது, வூகன் எழுந்து வந்து அதை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான்.