மேட்டு லயத்தைச் சுற்றிய கார்கள்

அழகன் தலவாக்கலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டியபோதெல்லாம், டயகமவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர் குடியிருந்த மேட்டு லயத்து வரிசை வீடுகளைச் சுற்றியும் ஒரு கார் ஓடியது. இது 2006ஆம் ஆண்டு தொடங்கியது. கார் கண்ணுக்குத் தெரியாது. சத்தமும் புழுதியும் டயர் கருகும் நாற்றமும் மட்டும் வரும், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும். முதல் வாரம் இரண்டு கோழி அடிபட்டுச் செத்தன. கொடியில் காயப்போட்ட பாவாடை ஒன்று பறந்துபோய்த் தோட்ட அதிகாரி கண்டாக்கையா வீட்டுக் கூரையில் விழுந்ததில் அவர் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அடுத்த மாதம் மண்ணெண்ணெய் விலை ஏறியதும் சனம் காரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது.

அழகன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்கு டிரைவராக இருந்தவர். தோட்டப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு பாதையைக் கடக்கும்போது, முன்னால் போகிறவள் கையை நீட்டினால் லொறி நிற்க வேண்டும். கடைசிக் கூடை கடக்கும்வரை ஹோர்ன் அடிக்கக் கூடாது. ஒருநாள் ஒரு வளைவில் ராக்காயி கையை நீட்டினாள். அழகன் பிரேக் பிடித்தார். பின்னால் போனில் பேசிக்கொண்டே வந்த தோட்ட மனேஜர் புதுத் துரையின் ஜீப் லொறியின் முதுகில் மோதியது, துரைக்கு மூக்கு உடைந்தது. உடைந்தது துரையின் மூக்கு என்பதால் விசாரணைக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அழகனைத் தேயிலை மலையில் கான் வெட்ட, அதாவது வடிகால் தோண்ட, அனுப்பிவிட்டார்கள்.

கான் வெட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு அவரை டிரைவர் என்று கூப்பிடுவது நின்றுபோனது, அதைத்தான் அவர் மனைவி வீரம்மாவால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் குழாயடியில் டிரைவர் சம்சாரம் என்று முதல் குடம் பிடித்தவள் அவள். இப்போது வரிசையில் எங்கே நிற்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையாருக்கு நேர்ந்து பார்த்தாள், மாடனுக்குச் சேவல் கொடுத்துப் பார்த்தாள். இருவரும் துரைக்குப் பயந்தவர்கள் போல, ஒன்றும் நடக்கவில்லை.

நடத்தியது கஜதீபன். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு வாத்தியாராக வந்து, தலவாக்கலை ஸ்டேஷனுக்குக் கீழே கம்ப்யூட்டர் வகுப்பும் வைத்திருந்தவர். அமெரிக்காவில் ஸ்டொக் கார் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது. கார்கள் வட்டமான பாதையில் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கேயும் போய்ச் சேராது. அதையே கம்ப்யூட்டரில் ஓட்டி, பல நாட்டுக்காரர்கள் டெலிபோன் வழியாக மோதிக்கொள்ளும் சாம்பியன்ஷிப்பும் இருந்தது. ஜெயிக்கிறவருக்குத் தொழில்முறை டிரைவர் என்று பெயர் பொறித்த அட்டை உண்டு என்று கஜதீபன் சொன்னதைக் கேட்ட அன்றே வீரம்மா புருஷனை பஸ் ஏற்றிவிட்டாள். மழை பெய்தால் கட்டாகிற டெலிபோன் கம்பிக்குள்ளே அவ்வளவு வேகத்தில் ஒரு கார் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கம்பிக்குள் இடம் போதாமல்தான் மிச்சக் கார் லயத்தைச் சுற்றியது என்பது கஜதீபனின் கணக்கு.

பழைய லொறியின் ஸ்டீயரிங்கைக் கழற்றி வந்து மேசையில் பூட்டினார்கள். முதல் ஓட்டத்துக்கு முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று அழகன் பிடிவாதம் பிடித்தார். டயர் இல்லாததால் கீபோர்டுக்கு அடியில் வைத்து நசுக்கினார்கள். சாறு இறங்கியதில் மூன்று எழுத்துகள் வேலை செய்யாமல் போயின, ஆனால் அந்த மூன்றும் பந்தயத்துக்குத் தேவைப்படவில்லை. டயகம வளைவுகளில் கொழுந்து ஏற்றி இறங்கிய மனிதருக்கு ஒரே பக்கமாக வளைகிற அமெரிக்கப் பாதை தூக்கம் வரவழைத்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்.

இறுதிப் போட்டி அமெரிக்காவில் வெள்ளி இரவு, நமக்குச் சனிக்கிழமை காலை. முதல் நாளே புறப்பட்ட புருஷனிடம் வீரம்மா சொன்னது ஒன்றுதான்:

"இந்த வாட்டி எவ கைய நீட்டுனாலும் பிரேக் புடிக்காதீங்க."

அன்று லயத்தைச் சுற்றியது ஒரு கார் இல்லை, நாற்பது. விடிந்தும் சத்தம் ஓயவில்லை. வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டு நேரம் நெருங்கியது. பிந்திப் போனால் கங்காணி சின்னராசா அரைநாள் சம்பளத்துக்கு அரைப் பேர்தான் போடுவார், காரணம் கேட்க மாட்டார். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் வாசலில் நின்று புழுதியைப் பார்த்தார்கள். ராக்காயிக்கு அழுகை வந்தது. வீரம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

தலவாக்கலையில் கடைசிச் சுற்று. அழகன்தான் முதலில் வந்துகொண்டிருந்தார். திரையில், மூன்றாம் வளைவின் புழுதிக்குள் ஒரு கை தெரிந்தது. அழகன் பிரேக் பிடித்ததோடு நிற்கவில்லை. பின்னால் வருகிறவனை நம்ப முடியாது என்பதை ஒரு துரையிடம் படித்தவர் ஆயிற்றே, காரைப் பாதைக்குக் குறுக்கே போட்டு அடைத்துவிட்டார்.

"அண்ணை, ஏன் நிப்பாட்டினீங்கள்? கடைசிச் சுத்து எல்லோ!" என்றார் கஜதீபன்.

"பொம்பளையாளுங்க கடக்குறாங்க சார்."

பின்னால் வந்த கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. மோதிய சத்தம் அக்கரப்பத்தனை வரை கேட்டதாகச் சொல்வார்கள். பெண்கள் அவசரப்படாமல் கடந்தார்கள், கடைசியாகப் போன நாகலெட்சுமி நின்று செருப்பு வாரைக்கூடச் சரிசெய்துகொண்டாள். பெரட்டில் எல்லாருக்கும் முழுப் பேர் விழுந்தது. பஞ்சராகி எல்லாருக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த ஒரு கனடாக் கிழவர், ஓரமாகப் புகுந்து போய்க் கோப்பையை ஜெயித்தார். அழகனுக்கு ஆயுள் முழுக்கத் தடை என்று கஜதீபன் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் அழகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். லயத்துச் சனம் முழுக்க வாசலில் நின்றது. வீரம்மா கேட்டாள்:

"கைய நீட்டுனது நான்னு தெரியுமா?"

"மூஞ்சி தெரியல. கைதான் தெரிஞ்சிச்சு."

 வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி டிரைவரே, சாப்பிட வாங்க," என்றாள்.

மறுநாள் ராக்காயி அப்படியே கூப்பிட்டாள், அதற்கடுத்த நாள் கங்காணியும். அதன் பிறகு கார் எதுவும் வரவில்லை, ஆனால் உடைந்த தகரமெல்லாம் லயத்தைச் சுற்றிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாததால் எல்லாருக்கும் முழங்கால் பெயர்ந்தது. தடவித் தடவிப் பொறுக்கி, கம்பெனி பல வருஷமாகப் பார்க்காமல் விட்டிருந்த ஓட்டைக் கூரைகளில் வைத்து அடித்தார்கள். அனுமதி இல்லாமல் கூரையில் கை வைத்ததாகக் கேள்விப்பட்டு துரை வந்து, வெறும் ஓட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்பு உடைந்த மூக்கைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார். இன்றைக்கும் அந்த லயத்தில் படுத்தபடி ஓட்டை வழியாக வானத்தைப் பார்க்கலாம், மழை வருவதையும் பார்க்கலாம், ஒரு சொட்டு உள்ளே விழாது. யார் போட்ட கூரை என்று கேட்டால் டிரைவர் போட்டது என்பார்கள்.