விதைக்கு விட்ட காய்

சுப்பராயனுக்குக் கடல் தெரியும். மண் தெரியாது. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவனுக்கு மண் என்றால் கட்டுமரத்தை இழுத்துப் போடுகிற இடம். அதில் ஏதாவது முளைக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அவன் மனைவி பச்சையம்மா சடையங்குப்பத்துக்காரி. அங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு கொடி படர்ந்திருக்கும். கல்யாணமாகி வந்த வருஷமே அவள் குடிசைக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் தோண்டினாள். மணலை அள்ளி வெளியே கொட்டினாள். மீன் விற்றுத் திரும்பும்போது காலிக் கூடையில் ஏரி வண்டல் கொண்டுவந்தாள். நாளுக்கு ஒரு கூடை. சவுக்குச் சருகு, அடுப்புச் சாம்பல், மீன் தலை, செதில் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போயின. கிழிந்த வலையை நாலு சவுக்குக் கழிமேல் விரித்துப் பந்தல் போட்டாள். கத்தரி வந்தது. அவரை வந்தது. பிறகு புடலை. காய் வளையாமல் நேராக வளர்வதற்காக, வலையிலிருந்து உதிர்ந்த ஈயக் குண்டுகளை ஒவ்வொரு காயின் நுனியிலும் கட்டித் தொங்கவிட்டாள்.

"உன் வலைல மீனு மாட்டுமாமே?" என்பான் சுப்பராயன்.

"உன் வலைல மாட்டாத அன்னிக்கு இதுலதான்யா கொழம்பு."

அது உண்மைதான். அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொள்வான்.

விதை ஊன்றுமுன் அவள் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரித்தால் துப்பிவிட்டு இன்னும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுவாள். பொண்டாட்டி மண் தின்கிறாள் என்று கட்டுமரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் சடையங்குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பச்சையம்மாவின் அக்கா கோவிந்தம்மா பத்து நாள் கழித்து வீடு திரும்பியபோது கொல்லையில் சேறுதான் இருந்தது. விதை வைத்திருந்த பானைகளும் போய்விட்டன. மற்ற விதைகளை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் வீட்டுப் புடலையை வாங்க முடியாது. குட்டையாக, வெள்ளை வரியோடு, துளியும் கசக்காத புடலை. இப்போது அது பச்சையம்மாவின் பந்தலில் மட்டுமே இருந்தது. அதுவும் ஒரே கொடி.

"தை பொறந்ததும் நடணும்டி. ஒரு காய வெதைக்கு வுடு," என்று சொல்லிவிட்டுப் போனாள் கோவிந்தம்மா.

பச்சையம்மா கொடியில் இரண்டாவதாகப் பிடித்த காயைத் தேர்ந்தெடுத்தாள். யாரும் பறித்துவிடாதபடி காம்பில் சிவப்புத் துணி கட்டினாள்.

மார்கழி நடுவில் அந்தக் காய் மஞ்சள் காட்டத் தொடங்கியது. அன்று கடல் சரியில்லை. சுப்பராயன் வீட்டில் இருந்தான். பச்சையம்மா மீன் கூடையோடு திருவொற்றியூர் போயிருந்தாள். பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தான். சும்மா இருந்தவனுக்கு அவளுக்கு ஒரு ஒத்தாசை செய்யலாம் என்று தோன்றியது. மீன் தலைக்கே இப்படிக் காய்க்கிற கொடி. கருவாட்டுக்காக மீனை உப்பில் ஊறவைத்த தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மீனின் சத்தெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கும்? இரண்டு குடம் மொண்டு கொடியின் அடியில் ஊற்றினான். பிறகு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டான்.

பிற்பகல் அவள் வந்தபோது இலைகள் ஈரத்துணி போலத் தொங்கின. கூடையை இறக்கினாள். அடியில் குந்தி ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"யோவ், இன்னா ஊத்தினே?"

"சத்துதாமே. உப்பு மீன் தண்ணி."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெதை வராதா?" என்றான்.

"பழுக்கறதுக்குள்ள கொடி செத்துச்சின்னா உள்ள அத்தினியும் சப்பதான், மொளைக்காது."

மேல்மண்ணைக் கையால் சுரண்டிக் கூடையில் அள்ளினாள். "கடலாண்ட கொட்டிட்டு வா," என்றாள். கொட்டிவிட்டு வந்தான். அதற்குள் பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தாள். "தண்ணி," என்றாள்.

நல்ல தண்ணீர் மணல்மேட்டின் அடியில் ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சுப்பராயன் முதல் குடத்தைத் தோளில் வைத்தான். பாதி முதுகில் வழிந்தது. இரண்டாவதை இடுப்பில் வைத்தான்.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவன் கூட்டாளி மாசானம் தலை தூக்கினான். "இன்னாண்ணே, கொடம் இடுப்புல குந்திகினு கீது? மாசமா கீறியா?"

"வழிய வுடுடா."

"அண்ணி அடிச்சிச்சா?"

"அடிச்சிருந்தா தேவலாமே."

பொழுது சாய்வதற்குள் முப்பது குடம். ஐந்து குடத்துக்கு ஒருமுறை அவள் நாக்கில் மண் வைத்துப் பார்த்தாள். வாய்க்கால் வழியே கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முப்பதாவது குடத்துக்குப் பிறகு துப்பவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பந்தலடியில் நின்று, பூ, பிஞ்சு, காய் அத்தனையும் கிள்ளி எறிந்தாள். சிவப்புத் துணிக் காய் ஒன்றே மிஞ்சியது. ஈயக் குண்டுகள் தரையில் ஒரு குவியலாகக் கிடந்தன. சுப்பராயன் ஒரு பிஞ்சைக் கையில் எடுத்தான்.

"நல்ல பிஞ்சுங்கமே."

"இதுங்களும் குடிக்கும். இப்போ அது ஒண்ணுதான் குடிக்கணும்."

பிறகு ஒரு பழைய மீன்கூடையின் பக்கத்தைக் கிழித்தாள். கொடி கழியில் ஏறும் இடத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் கூடையை வைத்தாள். கிழித்த வழியாகக் கொடியை உள்ளே நுழைத்தாள். அதன் ஒரு கணுவைச் சுற்றிப் புது வண்டலைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்தாள்.

"இது இன்னாமே?"

"இங்க வேரு வுடும். கீழ குடிக்க முடிலன்னா மேல குடிக்கும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"தரைல வுழுந்த கொடி தானா வேரு வுடுது. பாத்துகினுதான கீறேன்."

சுப்பராயன் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்கள் காற்று முற்றும்போது இரண்டாவது நங்கூரம் இறக்குவதைப் பார்த்திருக்கிறான். அதைச் செய்பவர்கள் பெரிய ஆட்கள் என்று நினைத்திருந்தான்.

அதன் பிறகு தினமும் கடலுக்குப் போகுமுன் நாலு குடம் கொண்டுவந்து வைத்தான். இலைகளின் ஓரம் கருகியது. கீழ் இலைகள் உதிர்ந்தன. அடித்தண்டு பழங்கயிறு போலச் சுருங்கியது. ஐந்தாம் நாள், அவள் பார்க்காதபோது, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தான். கரிக்கவில்லை. வேறு ஏதோ ருசி இருந்தது. அதற்கு அவனுக்குப் பெயர் தெரியவில்லை.

பத்தாம் நாள் அவள் கூடை மண்ணை விரலால் விலக்கிக் காட்டினாள். கணுவிலிருந்து நூல் நூலாக வெள்ளை வேர். அதற்கு மேலே கொடி பச்சையாக இருந்தது. உச்சியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு புது இலை.

"புடிச்சிகிச்சி," என்றான்.

"கொடி புடிச்சிகிச்சி. காயி பழுக்கணும்," என்றாள் அவள்.

போகிக்கு மறுநாள் காய் நுனியில் வெடித்துச் சிவந்தது. பச்சையம்மா அறுத்து, சதையைக் கழுவி, விதைகளைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தினாள். நாலாம் நாள் கோவிந்தம்மா வந்தாள். மூவரும் பந்தலடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பாத்திரம் தண்ணீர்.

"மெதக்கறது சப்ப. முங்கறது வெத," என்றாள் பச்சையம்மா. எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் போட்டாள்.

எல்லாம் மிதந்தன.

சுப்பராயன் ஆயுள் முழுக்க எதுவும் முங்கக் கூடாது என்று சாமி கும்பிட்டவன். இப்போது முங்கு, முங்கு என்று உதடு அசைந்தது. பச்சையம்மா விரலால் தண்ணீரை மெல்லக் கலக்கினாள். ஒரு விதை சாய்ந்தது. கீழே போனது. பின்னால் இன்னொன்று. பிறகு நாலைந்தாக இறங்கின. முப்பத்திரண்டில் பத்தொன்பது அடியில் கிடந்தன.

கோவிந்தம்மா பதினைந்தைத் துணியில் முடிந்துகொண்டாள். நாலு பச்சையம்மாவுக்கு. அப்போதுதான் கோவிந்தம்மா கழியோரம் இருந்ததைக் கவனித்தாள். "இன்னாடி இது, கொடிக்கு மீன்கூடை?"

பச்சையம்மா மிதந்த சப்பைகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினாள்.

"நான் உப்புத் தண்ணி ஊத்திட்டேங்கா," என்றான் சுப்பராயன். "கொடி போயே பூட்ச்சி. இவதான் அந்தரத்துல வேரு வுட வெச்சா. நான் கண்ணால பாத்தேன்."

கோவிந்தம்மா சிரித்தாள். "நீ கொடம் தூக்கின சேதி சடையங்குப்பம் வரைக்கும் வந்துட்ச்சி தம்பி."

அவன் எழுந்தான். நாலு விதைக்குப் புதிதாக வெட்டிய குழி பக்கத்தில் இருந்தது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தான். துப்பினான்.

"இன்னும் ரெண்டு கொடம்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனான்.