பாலத்தில் நிற்க ஒருவன்

"பாலத்துல யார் நிக்கறது?" என்று சிராஜுதீன் கேட்டான். கேட்டுவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சமுத்துவுக்கும் பதில் தெரியும். மாடிப்படியில் சாக்கட்டியால் கோட்டைப் படம் போட்டுக்கொண்டிருந்த தனகோட்டிக்கு மட்டும்தான் அது நிஜமான கேள்வி.

"நான் நிக்கறேன். ரோசன சொன்னவன் வேற ஆள நிக்க வெச்சா நல்லாவா இருக்குது?" என்றான்.

கௌஸ் பாஷாவின் ரேடியோ ரிப்பேர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நடக்கும் ஆட்டம் அது. பஹ்ரைனில் டிரைவராக இருந்த அவன் மச்சான், அங்கே ஒரு வெள்ளைக்காரன் வேண்டாமென்று கழித்துப்போட்ட பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருபது முகம் உள்ள ஒரு பகடையும் இருந்தன. தாயம் மாதிரி காய் நகர்த்துகிற சங்கதி இல்லை. ஒருவன் கதை சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு கதைக்குள் இறங்கி, நான் இப்படிச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவனான கௌஸ் பாஷா புத்தகத்தைப் புரிந்தவரை படித்தான். புரியாத இடத்தையெல்லாம் ஊர் மலைமேல் இருக்கிற ராஜகிரிக் கோட்டையை வைத்து நிரப்பிக்கொண்டான். செத்தவன் வேறு பெயரில் மறுபடி வரலாம் என்று புத்தகத்தில் இருந்தது, அது மட்டும் அவனுக்கு ஒப்பவில்லை. செத்தவன் எழுந்துவந்து டீ குடித்தால் அப்புறம் சாவுக்கு என்ன மரியாதை என்பான். ஆகவே இங்கே வேஷம் செத்தால் ஆளும் வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஒரேயடியாக.

தனகோட்டி கமிஷன் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக எடை போடுகிறவன். முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. மண்டியில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏய் தராசு'தான். அவன் வாயைத் திறந்தால் முதலாளி காதைக் குடைவார். வாரத்தில் ஒரு நாள் இந்த மாடியில்தான் மூன்று பேர் அவன் சொல்வதை வாய் மூடிக் கேட்டார்கள். அவன் வேஷம் ஒரு படைத்தளபதி. அவன் போட்ட திட்டங்களால்தான் பச்சமுத்துவின் மந்திரவாதியும் சிராஜுதீனின் வில்லாளியும் இத்தனை காலம் உயிரோடு இருந்தார்கள். இல்லையென்றால் அந்த இரண்டு மேதாவிகளும் முதல் வாரமே அகழி முதலைக்குச் சோறாகியிருப்பார்கள். பச்சமுத்து வாயில் எதுவும் நிற்காது, கௌஸ் பாஷாவிடமே உளறிவிடுவான். அதனால் தனகோட்டி முழுத் திட்டத்தையும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். ஒரு கட்டம் தாண்டியபிறகுதான் அடுத்த கட்டத்தைச் சொல்வான்.

விநாயகம் என்ற ஆபீசர் ஊருக்கு மாற்றலாகி வந்தது சித்திரையில். எந்த ஆபீஸ் என்பது நமக்கு வேண்டாம், ஜீப் உள்ள ஆபீஸ். ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர் மாடிச் சத்தம் கேட்டு ஏறிவந்து, கொஞ்ச வாரமாக ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆட ஆசை. ஆனால் மல்லாட்டைத் தூசி பட்டால் தும்மல் வரும் என்றார். மூட்டைக்காரன் போடுகிற திட்டத்துக்குத் தான் நடப்பதா என்பதைச் சொல்லாமலே சொன்னார். இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். பிரச்சினை நாற்காலி இல்லை. தனகோட்டியைப் போ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மூன்று பேருக்கும் தைரியம் இல்லை, அதுதான் பிரச்சினை. கோழைகளுக்குத் திட்டம் போட வராது என்று யார் சொன்னது? டீக்கடையில் கூடி, தனகோட்டியிடம் கற்ற பாடத்தையெல்லாம் அவன் மேலேயே பிரயோகித்தார்கள்.

அன்றைக்கு அறைக்குள் போனதும் ஆட்டம் தொடங்கியது. ராஜகிரி உச்சிக்குக் கீழே இருக்கிற பள்ளம், அதன்மேல் மரப்பாலம். பின்னால் பூதக் காவலர்கள் துரத்தி வருகிறார்கள். தளபதி பாலத்தின் இக்கரை முனையில் நின்று அவர்களைத் தடுக்க, மற்ற இருவரும் அக்கரை சேர்ந்து பாலத்தை வெட்டிவிட வேண்டும். தளபதியின் இடுப்பில் கயிறு, மறுமுனை சிராஜுதீன் கையில். வெட்டியதும் தளபதி குதிப்பான், அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். பகடையில் ஐந்துக்கு மேல் விழுந்தால் போதும். தனகோட்டி நன்றாக ஆடினான். பூதங்களைப் பேச்சிலேயே நிறுத்தினான். பாலம் விழுந்தது.

"குதிச்சிட்டேன். இழு" என்றான்.

சிராஜுதீன் பகடையைத் தொடவில்லை. "நான் கயித்த வுட்டுட்டேன்" என்றான்.

தனகோட்டி சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பகடையை எடுத்து அவனே சிராஜுதீன் பக்கம் நகர்த்தினான். "போடுப்பா."

"அவனே வுட்டுட்டான்னா பகடை எதுக்கு?" என்றான் கௌஸ் பாஷா. "தளபதி காலி."

பச்சமுத்துவுக்கு ஆச்சரியம் வரவில்லை. விநாயகம் ஸ்டூலிலிருந்து ஏற்கனவே எழுந்துவிட்டிருந்தார். இரண்டையும் பார்த்த பிறகுதான் தனகோட்டியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. சண்டை போடவில்லை. எழுந்தான். விநாயகம் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்கரைச் சிறையிலிருந்து விடுபட்ட இளவரசன் என்று கௌஸ் பாஷா அவரைக் கதைக்குள் சேர்த்துக்கொண்டான்.

தனகோட்டி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உள்ளே கௌஸ் பாஷா சொன்னான்: "அக்கரையில சுரங்கம் ரெண்டாப் பிரியுது. ஒரு பக்கம் கஜானா. இன்னொரு பக்கம் போனா மூணு பேரும் சமாதி."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த கட்டம் யாருக்கும் தெரியாது.

"தனகோட்டி, எந்தப் பக்கம்பா?" என்றான் பச்சமுத்து, வெட்கமே இல்லாமல்.

தனகோட்டி யோசிக்கவே இல்லை. போன வாரம் சுரங்கத்தைப் பற்றிக் கௌஸ் பாஷா சொன்ன வௌவாலையும் காற்றையும் வைத்து அவன் அப்போதே கண்டுபிடித்தது. தன் திட்டம் கெட்டுப்போவதை அவனால் பார்க்க முடியாது. "எடது பக்கம்" என்றான். உண்மையைத்தான் சொன்னான்.

"வயித்தெரிச்சல்ல சொல்றான். வலது பக்கம் போலாம்" என்றார் விநாயகம்.

"அப்டி நெனப்போம்னு தெரிஞ்சி நெசத்தையே சொல்லியிருந்தா?" என்றான் பச்சமுத்து.

"சீக்கிரம். பூதம் வேற வழியா வருது" என்றான் கௌஸ் பாஷா.

விநாயகம் பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார், கீழே போடவில்லை.

"தனகோட்டி," என்றான் சிராஜுதீன். குரல் இறங்கிவிட்டிருந்தது. "சத்தியமா சொல்லு."

சிராஜுதீனின் இரண்டு கைகளும் மேஜைமேல் விரிந்து கிடந்தன. தனகோட்டி ஒரு கால் செருப்போடு நின்று, கயிற்றை விட்ட அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.