ஆறு மணிக்கு மேல்

செமஸ்டர் தொடக்கத்தில் என் பொறுப்பில் விடப்பட்ட இருபது மாணவிகளுக்கும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். படிப்புக் குறிக்கோள் ஒன்று, சொந்தக் குறிக்கோள் ஒன்று. செமஸ்டர் முடிவில் நிறைவேறியதா இல்லையா என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். போன முறை இருபது பேரும் நன்றாகப் படிப்பேன், நல்ல மகளாக இருப்பேன் என்று எழுதியிருந்தார்கள். அதை எப்படி அளப்பது? இந்த முறை கண்டிப்பாகச் சொன்னேன். எண் போட்டு எழுதுங்கள், நேரம் போட்டு எழுதுங்கள், உங்களுக்கு உண்மையில் வேண்டியதை எழுதுங்கள்.

சுஜா எழுதியிருந்தாள். புள்ளியியலில் எழுபது மதிப்பெண். அதற்குக் கீழே, 'மாலை ஆறு மணிக்கு மேல் வீடு சேர்வேன். வாரத்தில் ஐந்து நாள்.'

கல்லூரி மூன்றரைக்கு விடும். திருவட்டாறில் பஸ் ஏறினால் நாலரைக்குள் குலசேகரம் தாண்டி வீட்டுக்குப் போய்விடலாம். அவள் அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எவன் இருக்கிறான் என்றுதான் என் மனம் கேட்டது. என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எதுக்குட்டி இப்பிடி எழுதின?"

"நீங்கதான நேரம் போட்டு எழுதச் சொன்னிய மிஸ்."

படிவத்தை என் மேசையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆசிரியர் அறையில் செல்லபாய் டீச்சர் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். "கள்ளத்தனம் பண்ணுகவ எழுதிக் கையெழுத்து போட்டுத் தருவாளா? அவளுக்க சோலி என்னவோ. நீ ஏன் அஸ்வதி போலீசாவுற?"

நான் போலீஸானேன். அன்று மாலை அவள் நூலகத்தில் இருந்தாள். ஐந்து மணிக்கு அது மூடியதும் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். எதிரே இருந்த பேக்கரியில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குலசேகரம் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நோட்டை மடியில் விரித்து ஏதோ கணக்குப் போட்டாள். கையில் இருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாள். ஐந்து இருபதுக்கு வந்த பஸ்ஸில் ஏறிப் போனாள். யாரும் வரவில்லை. யாரோடும் பேசவில்லை.

அதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இன்று வராதவன் நாளை வரலாம் என்று தோன்றியது. நான் படிக்கும்போது அப்பா பஸ் ஸ்டாப்பில் கடிகாரத்தோடு நிற்பார். பத்து நிமிடம் தாமதமானால் என் முகத்தை உற்றுப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் வெறுத்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பேக்கரிக் கண்ணாடியில் தெரிந்தது அதே பார்வை. ஆனாலும் மறுநாள் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மாதான் எடுத்தார். "ஸ்பெஷல் கிளாஸ் உண்டுன்னுல்லா பிள்ள சொன்னா?"

"அப்பிடி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"செரி டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

மூன்று நாள் சுஜா வரவில்லை. நாலாவது நாள் வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம் மிஸ்."

"கேட்டேனே. நீ சொல்லல்லியே."

"ஒரு தடவதான கேட்டிய."

பிறகு சொன்னாள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற மாப்பிள்ளைகளைத் தரகர் கூட்டிக்கொண்டு அலைவார். ஒரு நாளில் நாலு வீடு. கிழமை பார்ப்பதில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகு பெண் பார்க்க வர மாட்டார்கள். சனி, ஞாயிறு சித்தி வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போய்விடுவாள். மற்ற ஐந்து நாளும் ஆறு மணி தாண்டினால் போதும். டிகிரி முடியும்வரை அப்படியே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"இந்த மூணு நாளும் வந்தாவளா?"

"ரெண்டு கூட்டம் வந்தாவ. அதுல ஒருத்தருக்குப் பிடிச்சுப்போச்சு. இருபது நாள்தான் லீவாம், அதுக்குள்ள முடிக்கணுமாம். பொய் சொல்லிட்டுச் சுத்துகவள எதுக்குப் படிக்க வைக்கணும்னு அப்பா கேக்காரு. இன்னைக்கு டிசி கேட்டு எழுதிக் குடுக்கத்தான் என்ன விட்டிருக்காவ."

அவள் முன்னாலேயே போன் செய்தேன். ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, வேறொரு ஆசிரியர் வைத்தது, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கள்ளமாகக் கேட்டது.

"அன்னைக்கு இல்லன்னிய. இன்னைக்கு உண்டுங்கிய" என்றார் அம்மா. "எழுதிக் குடுங்க டீச்சர். சீல் வச்சு. அவளுக்க அப்பாட்ட காட்டணும்."

எழுதினேன். தினமும் மாலை நாலு முதல் ஐந்தேகால் வரை, தேர்வு முடியும்வரை, புள்ளியியல் சிறப்பு வகுப்பு. துறையின் முத்திரையைக் குத்தினேன். குத்திய பிறகு வகுப்பு நடத்தியாக வேண்டும். முதல் நாள் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டாவது வாரம் சுஜா மட்டும்தான். நான் பலகையில் எழுதுவேன், அவள் நோட்டில் எழுதுவாள். நடுவில் அவள் சன்னலைப் பார்த்தால் நானும் பார்ப்பேன். யாராவது நிற்கிறார்களா என்று. எல்லாம் தெரிந்த பிறகும் என் கழுத்து திரும்பியது.

கல்யாணம் முடியாமலே அந்த மாப்பிள்ளை லீவு முடிந்து போய்விட்டார். என் கடிதத்தைப் பார்த்த பிறகு டிசி பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சுஜா புள்ளியியலில் எழுபத்தெட்டு வாங்கினாள். அவள் படிவத்தில் இரண்டு இடத்திலும் நிறைவேறியது என்று எழுதினேன்.

அடுத்த செமஸ்டர் படிவத்தைக் கொண்டுவந்து தந்தாள். படிப்புக் குறிக்கோள், எண்பது. சொந்தக் குறிக்கோள், 'தினமும் அரை மணி நேரம் செய்தித்தாள் வாசிப்பேன்.'

"இதுதான் உனக்கு வேண்டியதா?"

"ஆமா மிஸ். நேரம் போட்டிருக்கேன்லா."

இரண்டாவது தடவையும் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.