ஷெட்டில் நிற்கும் பஸ்

கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் இடம் வாங்கித் தருவதுதான் வெர்னெட்டாவின் வேலை. பால்டிமோரில் அந்த வாசல்கள் லேசில் திறக்காது. ‘எல்லா நிறக் குழந்தைகளும் எங்கள் குழந்தைகளே’ என்று சுவரில் எழுதி வைப்பார்கள். வந்த பிள்ளை கொஞ்சம் குதித்தால் முகம் சுளிப்பார்கள். விண்ணப்பம், உதவித்தொகை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குப் பயமெல்லாம், சேர்க்கைக்கு முன்னால் பிள்ளைகளை விளையாட விட்டு டீச்சர்கள் மூலையில் உட்கார்ந்து கவனிக்கும் அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

லடோன்யா சிட்டி பஸ் ஓட்டுகிறவள். அவள் மகன் ஜபாரிக்கு நாலு வயது. முதல் நாள் வெர்னெட்டாவின் ஆபீசுக்குள் நுழைந்ததுமே நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டு, “உஸ்ஸ்ஸ்” என்று பஸ் கதவைத் திறந்தான்.

“ஏறுங்க, ஏறுங்க! பின்னால போங்க! வயசானவங்களுக்கு சீட் குடுங்க!”

லடோன்யா தலையில் அடித்துக்கொண்டாள். “வீட்லயும் இதே கூத்துதான், மிஸ் வெர்னெட்டா. குளிக்கப் போனாக்கூட டிக்கெட் கேக்கறான்.”

வெர்னெட்டா சிரித்தாள், ஆனால் தன் மகனின் ஞாபகம் வந்துவிட்டது. அவனும் இதே வயதில், டீச்சர்கள் கவனிக்கும் அப்படியொரு காலையில், சிங்கம்போல உறுமினான். முரட்டுப் பையன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் உறுமிய வெள்ளைக்காரப் பையனுக்குக் கற்பனை அதிகமாம்! அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் ஜபாரியைப் பழக்கினாள். கை மடியில் இருக்கணும். பொம்மையை யார் பிடுங்கினாலும் விட்டுக்கொடுக்கணும்.

“பஸ் எங்க நிக்கணும், கண்ணு?”

“ஷெட்ல.”

“சத்தம்?”

“உள்ளயே வெச்சுக்கணும்.”

“என் ராசா!”

இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. “எவ்வளவு அடக்கமான பையன்! இந்த மாதிரி குடும்பங்களைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம்” என்று சேர்க்கை அதிகாரி போனில் உருகினாள். வெர்னெட்டா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஏதோ கசந்தது.

சனிக்கிழமை லடோன்யா வறுத்த மீனும் மக்காச்சோள ரொட்டியும் கட்டிக்கொண்டு மகனோடு ஆபீசுக்கு வந்தாள்.

“எல்லாம் உங்க புண்ணியம். வீடே இப்ப அமைதியா இருக்கு. நேத்து என் பஸ்லயே கூட்டிட்டுப் போனேன். ஜன்னலோரமா கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தான். பெரிய மனுஷனாயிட்டான்.” பெருமையாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. “ஒரு ஸ்டாப் பேரைக்கூட கத்தல, மிஸ் வெர்னெட்டா.”

வெர்னெட்டா கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜபாரி சுவரோரம் உட்கார்ந்திருந்தான், கை மடியில். இதைச் செய்தது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை, நான்தான் என்று அவளுக்கு உறைத்தது. அவர்கள் கேட்பதற்கு முன்பே அவர்களுடைய வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறாள், பாவி.

எழுந்துபோய் நாற்காலிகளை அவளே வரிசையாகப் போட்டாள். கனத்த உடம்பைத் திணித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

“டிரைவர் சார்! வண்டி எப்ப கிளம்பும்? உஸ்ஸ்ஸ்!”

ஜபாரி பதறிப்போய் ஓடிவந்தான். மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்தான். பிறகு தன் சின்ன விரலை அவள் உதட்டின்மேல் வைத்தான்.

“சத்தம் போடாதீங்க, மிஸ் வெர்னெட்டா. அவங்க பாத்தா உங்களைச் சேத்துக்க மாட்டாங்க.”